உம்ம வீட்டுக்கு நீரே ஐயர்

வாரும் மருமவனே, உக்காரும். கையில நோட்டு, சட்டைப் பையில மூணு பேனா, முகத்துல ஒரு தீர்மானம். சேகர கமிட்டிக் கூட்டம் இங்க நடக்கலையே. ஓ, சமாச்சாரம் வேறயா? ஞாயித்துக்கிழமை ஐயர் பிரசங்கத்துல போட்ட போடு உமக்கு நல்லா உறைச்சிருக்கு. தகப்பன்தான் வீட்டுக்கு ஆசாரியன், பிள்ளைக்கு வேதம் சொல்லிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு பெத்தவனுக்கு, ஓய்வுநாள் பள்ளி டீச்சர் தலையில அதைக் கட்டாதீங்கன்னு சொல்லிட்டாராம். ஐயர் வீட்டுக்குப் போய்க் கறிச்சோறு தின்னு கை கழுவுமுன்னே நீரு தூத்துக்குடி பஜார்ல வெள்ளைப் பலகை ஒண்ணும் நாலு கலர்ல மார்க்கர் பேனாவும் வாங்கியாச்சு. திங்கள் ஆதியாகமம், செவ்வாய் சங்கீதம், வெள்ளி பரீட்சைன்னு கால அட்டவணை வேற. உம்ம மவனுக்கு வயசு ஏழு. பள்ளிக்கூடம் முடிஞ்சு, டியூஷன் முடிஞ்சு, அபாகஸ் முடிஞ்சு வீட்டுக்கு வாற பயலுக்கு இப்ப அப்பாகிட்டயும் ஒரு பீரியடு. நல்ல காலம், கர்த்தர் பத்துக் கட்டளையோட நிறுத்திக்கிட்டாரு.

கேலி பேசுதேன்னு கோவிக்காதீரும். தாய்மாமன் பேசாம வேற எவன் பேசுவான்? அதோட நான் கோயில்பிள்ளையா இருந்து மணி அடிச்சவன், சங்கக் காணிக்கை வாங்க வீடு வீடா ஏறி இறங்கினவன். எந்த வீட்டுல பைபிள் தலைமாட்டுல இருக்கு, எந்த வீட்டுல ஷோகேஸ்ல இருக்குங்கிறது ஐயருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உம்ம கல்யாணத்தன்னைக்குக் கொடுத்தாங்கள்லா ஒரு பைபிள், ஜிப்பு வச்ச உறைக்குள்ள, ஓரத்துல தங்கக் கலர் அடிச்சது? அதுல முதப் பக்கம் மட்டும் கை பட்டு அழுக்காயிருக்கு. பிள்ளை பேரு, பிறந்த தேதி, ஞானஸ்நானம் வாங்கின தேதி எல்லாம் எழுதுத பக்கம் அது. உள்ள தங்கக் கலர் இன்னும் பிரியாம ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. நான் எடுத்துப் பார்த்தேன், மறைக்காதீரும்.

போன மாசம் உம்ம வீட்டுல ஒரு ராத்திரி தங்கினேம்லா, அன்னைக்குக் குடும்ப ஜெபமும் பார்த்தேன். ஜெபம் பண்ணுவோம்னு நீரு குரல் கொடுத்தீரு. டிவி அணையல, சத்தம் மட்டும் நின்னுது. வாயில்லாம கிரிக்கெட்டு ஓடிக்கிட்டே இருக்கு. நீரு சோபாவுல, மவன் தரையில, உம்ம வீட்டுக்காரி அடுக்களை நிலையில ஒரு கால் உள்ளயும் ஒரு கால் வெளியவுமா. போன்லயே சங்கீதத்தை எடுத்து வாசிச்சீரு. மூணாவது வசனத்துல பேங்க்ல இருந்து ஏதோ மெசேஜ் மேல வந்து நின்னுது. உம்ம கண்ணு அங்க ஒரு நடை போயிட்டு வந்துது. அதை நான் மட்டுமா பார்த்தேன்?

பொறவு ஜெபம். ஆரம்பம் நல்லாத்தான் இருந்துது. நன்றி சொன்னீரு, துதி சொன்னீரு. கொஞ்சம் சூடு பிடிச்சதும், ஆண்டவரே, இந்தப் பையன் கணக்குல நாப்பத்திரெண்டு மார்க்கு எடுத்திருக்கான், இவனுக்குப் புத்தியைத் தாரும், செல்போனை நோண்டுற ஆவியை இவனை விட்டுத் துரத்தும்னீரு. அதோட விட்டீரா? ஆண்டவரே, பெரியவங்க சொல்லுக்குக் கீழ்ப்படியிற குணத்தை இந்த வீட்டுல எல்லாருக்கும் தாரும்னு ஒரு கல்லை அடுக்களைப் பக்கமும் எறிஞ்சீரு. அங்க ஒரு கும்பா கொஞ்சம் பலமாவே விழுந்துது. நான் ஆமென்னு சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன், உம்ம மவன் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து என்னையே பார்க்கான். அந்த ஒரு கண்ணுல அவனுக்குள்ள விவரம் உம்ம நாலு மார்க்கர் பேனாவுக்கும் கிடையாது.

நேருக்கு நேர் பேசத் தைரியம் இல்லாதவன் ஆண்டவரை நடுவுல நிறுத்தி வச்சு ஏசுதான். அதுக்குக் குடும்ப ஜெபம்னு பேரு. பிள்ளை அதுல என்ன படிக்கான்? அப்பாவோட புகார்ப் பெட்டி பரலோகத்துல இருக்குன்னு படிக்கான். பவுல் அப்போஸ்தலர் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதும்போது பிள்ளைங்களைக் கோபப்படுத்தாதீங்கன்னு தகப்பன்மாரைக் குறிச்சுத்தான் சொல்லுதாரு. அந்த இடத்துல தாய்மார் பேரே இல்ல. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷன், எங்க இருந்துதான் கண்டுபிடிச்சாரோ.

தகப்பன் வாத்தியாரா இருக்கணும்ங்கிறதை உம்ம ஐயர் புதுசாக் கொண்டு வரல. மார்ட்டின் லுத்தர் 1528ல சாக்சனி கிராமங்கள்ல சபை எப்படி நடக்குன்னு பார்க்கப் போனாரு. போன இடத்துல சனத்துக்கு விசுவாசப் பிரமாணமும் தெரியல, பத்துக் கட்டளையும் தெரியல. சில ஊர்ல குருமாருக்கே தட்டுத் தடுமாறுது. மனுஷன் நொந்து போய்த் திரும்பி வந்தவரு அடுத்த வருஷமே, 1529ல, கேள்வியும் பதிலுமா ஒரு சின்ன ஞானோபதேசப் புஸ்தகம் போட்டாரு. அதைக் குருமாருக்குன்னு மட்டும் போடல. வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாச் சொல்லிக் கொடுக்கிற விதம் இதுன்னு பாகத்துக்குப் பாகம் தலைப்பிலேயே எழுதி வச்சாரு. 1706ல தரங்கம்பாடியில கப்பல் இறங்கின சீகன்பால்கு ஐயர் அந்தப் புஸ்தகத்தைத் தமிழ்லயும் ஆக்கிட்டாரு. அதனால பாஷை தெரியலன்னு நீரு தப்பிக்க முடியாது.

அந்தப் புஸ்தகத்து முன்னுரையில லுத்தர் ஒரு வைத்தியம் சொல்லுதாரு. படிக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற பிள்ளைக்குச் சாப்பாடும் தண்ணியும் கொடுக்காதீங்கன்னு. பாவம், அவருக்கு நம்ம ஊரு பாட்டிமாரைத் தெரியாது. நீரு முன்வாசல்ல சோத்தை நிறுத்தினா பின்வாசல் வழியா முறுக்கும் அதிரசமும் போயிரும்லா. ஆனா இதே லுத்தர், அடுத்த வருஷம் வெளியூர்ல இருந்தப்போ நாலு வயசு மவன் ஹான்ஸுக்கு ஒரு கடுதாசி எழுதினாரு. எனக்கு ஒரு அழகான தோட்டம் தெரியும், அங்க பிள்ளைங்க ஆப்பிளும் பேரிக்காயும் செரிப் பழமும் பொறுக்குதாங்க, தங்கக் கடிவாளம் போட்ட குட்டிக் குதிரை இருக்கு, நீயும் ஜெபம் பண்ணி ஒழுங்காப் படிச்சா அங்க வரலாம்னு. ஊருக்குச் சட்டம் எழுதும்போது பட்டினி, சொந்த மவனுக்கு எழுதும்போது குதிரைக்குட்டி. பெரிய மனுஷன்னாலும் தகப்பன் தகப்பன்தானே. என்னைக் கேட்டா, புஸ்தகத்தை விட அந்தக் கடுதாசியைத்தான் தகப்பன்மார் எல்லாரும் படிக்கணும்.

ஸ்காட்லாந்துக்காரன் இன்னும் கெட்டி. குடும்ப ஆராதனைக்குன்னே 1647ல அங்க சபைச் சங்கம் ஒழுங்கு போட்டுது. ஜெபம் நடத்தாத வீட்டுத் தலைவனை முதல்ல தனியாக் கூப்பிட்டுப் புத்தி சொல்லணும், கேக்கலைன்னா மூப்பர்மார் கண்டிக்கணும், அப்பவும் கேக்கலைன்னா அவனுக்குத் திருவிருந்து கிடையாது. அந்த ஒழுங்கை நம்ம சேகரத்துல ஒரு மாசம் நடத்திப் பார்க்கச் சொல்லும். ஆண்கள் பக்கத்துல இருந்து பலிபீடத்துக்குப் போக ஆள் இருக்காது. அப்பமும் ரசமும் மிச்சம்.

நம்ம தேரிக்காட்டுக் கதை வேற. 1799ல கிறிஸ்தவங்க ஊரா முதலூர் உண்டான காலத்துல இருந்து இந்தப் பக்கம் சபைக்கு வந்த குடும்பங்கள்ல முக்காவாசி பனையேறிக் குடும்பம். எழுத்து தெரியாது. பரமண்டல ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை எல்லாமே உபதேசியார் சொல்லச் சொல்லக் காதால வாங்கி வாயால திருப்பிப் படிச்சதுதான். காலையும் மாலையும் கோயில்ல மணி அடிக்கும், வந்து உக்காந்து படிப்பாங்க. அந்தத் தகப்பன்மாருக்கு வெள்ளைப் பலகையும் கிடையாது, கறுப்புப் பலகையும் கிடையாது. பின்ன எப்படிப் பிள்ளைங்களுக்குக் கைமாறிச்சு?

எங்கப்பா கதை சொல்லுதேன், கேளும். அவரு பாட்டத்துக்கு எடுத்த பனைகள்ல ஒண்ணைக் கோயிலுக்குன்னு விட்டிருந்தாரு. அதுல வாற பதனி தனிக் கலயம், தனிக் காய்ச்சு. அந்தக் கருப்பட்டி கோயில் கணக்குக்குப் போயிரும். நான் அப்ப சின்னப் பய, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுக்கிறதுதான் என் வேலை. அந்தப் பனை சும்மா ஒரு பனை இல்ல, கேட்டீரா. விளையிலேயே நல்லா ஊறுத பனை அதுதான். சித்திரை மாசத்துல கலயம் தளும்பும். வீட்டுலயோ வட்டிக் கடன், அம்மை காது மூளி. எனக்குப் பொறுக்கல. ஏம்ப்பா, ஓரத்துல நிக்கே அந்தச் சவலைப் பனை, அதைக் கோயிலுக்கு விட்டா என்னன்னு கேட்டுட்டேன். அவரு முருக்குத்தடியைப் பனையில சாத்திக்கிட்டே, ஊறாத பனையைக் கொடுக்கதுக்குப் பேரு காணிக்கையாலே, கழிச்சுக் கட்டுததுன்னுட்டு மேல ஏறிட்டாரு. அவ்வளவுதான் பாடம். வசனம் சொல்லல, அதிகாரம் சொல்லல. ஆபேல் காணிக்கை ஏன் அங்கீகாரமாச்சு, காயீன் காணிக்கை ஏன் ஆகலங்கிற பிரசங்கத்தை அதுக்குப் பொறவு எத்தனையோ ஐயர்மார் வாயில கேட்டாச்சு. எல்லாரும் பேசப் பேச எனக்கு அந்தப் பனைதான் ஞாபகத்துக்கு வந்துது.

இப்ப உம்ம நோட்டைத் திறந்து இதை எழுதிக்கிடும். நான் கேட்டேன், அவரு சொன்னாரு. அதுதான் முறை. வேதத்துலயும் அதே முறைதான் இருக்கு. யாத்திராகமத்துல பஸ்காவைப் பத்திச் சொல்லும்போது, இது என்ன ஆராதனைன்னு உங்க பிள்ளைங்க கேப்பாங்க, அப்ப இப்படிச் சொல்லுங்கன்னு வருது. உபாகமத்துல கட்டளைகளைப் பத்திப் பிள்ளை நாளைக்குக் கேக்கும்போதுன்னு வருது. யோசுவா யோர்தானுக்கு நடுவுல இருந்து பன்னிரண்டு கல்லை எடுத்து வந்து கில்கால்ல நிறுத்துதாரு. எதுக்கு? இந்தக் கல்லெல்லாம் என்னப்பான்னு பிள்ளைங்க கேக்கணும்ங்கிறதுக்கு. கர்த்தருக்கு நம்ம பயலுவளை நல்லாத் தெரியும். கேக்காத காதுக்குள்ள எதைத் திணிச்சாலும் வெளிய வந்துரும்னு தெரியும். அதனால முதல்ல பிள்ளை கண்ணுல படுத மாதிரி ஒண்ணைச் செய்ய வைக்காரு. பிள்ளை கேக்கான். பொறவுதான் தகப்பன் வாயைத் திறக்கணும்.

அப்ப நான் உம்மைக் கேக்கேன். உம்ம வீட்டுல உம்ம மவன் கேக்குத மாதிரி என்ன இருக்கு?

யோசிக்காதீரும், நானே சொல்லுதேன். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு அவனைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு வந்தீரு. ஒரு வாழைத்தார் ஏலத்துக்கு வந்துது. பஜார்ல அதைவிட நல்ல தார் கால்வாசி விலைக்குக் கிடைக்கும், அது ஊருக்கே தெரியும். கோயிலுக்குத்தானேன்னு கேட்டா சரிதான். ஆனா நீரு கையைத் தூக்கினது எப்ப? எதிர்ல உம்ம பெரியப்பா மவன் கேட்ட பிறகுல்லா. அவன் நூறு ஏத்தினா நீரு ஐநூறு ஏத்துதீரு. பாகப்பிரிவினையில கிணத்துப் பங்குக்கு நடக்குத வழக்கை வாழைத்தாருல தீர்த்துக்கிட்டீரு. மைக்ல உம்ம பேரைச் சொன்னதும் மவன் கையைத் தட்டினான். வீட்டுக்கு வந்து, அப்பா, நம்ம ஜெயிச்சுட்டோமான்னு கேட்டான். கேள்வி வந்துட்டுல்லா? என்ன பதில் சொன்னீரு? ஆமாம்னு சொன்னீரு. காணிக்கைங்கிற பாடம் அன்னையோட முடிஞ்சுது.

பெருமன்றத் தேர்தல் நேரத்துல ராத்திரி பதினோரு மணி வரைக்கும் போன்ல பேசுதீரு. எவன் எந்த அணி, எவனுக்கு என்ன கொடுக்கணும், எந்த ஐயரை எந்த ஊருக்கு மாத்தணும்னு. பக்கத்துல பாய்ல படுத்திருக்கிற பய தூங்குதான்னு நெனைக்கீரு. சபைச் சரித்திரம் உம்மகிட்ட இருந்து அவன் அப்படித்தான் படிக்கான். உம்ம தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ போட்ட விளம்பரம் எங்கிட்ட இன்னும் இருக்கு. சி.எஸ்.ஐ., ஆழ்ந்த பக்தியுள்ள குடும்பம்னு போட்டு, அடுத்த வார்த்தையே சாதி. மாப்பிள்ளை வீட்டுக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. கர்த்தருக்குச் சித்தமானா எண்பது பவுன்னு ஜெபத்தோட ஆரம்பிச்சு ஜெபத்தோட முடிச்சான். நடுவுல எண்பது நூறாச்சு. கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒண்ணுன்னு ஓய்வுநாள் பள்ளியில டீச்சர் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புதாங்க. டீச்சர் பாடத்தைத் தகப்பன் வீட்டுல ரப்பர் வச்சு அழிச்சா அவங்க என்ன செய்வாங்க?

மருமவனே, முகம் சுருங்குது பாரும். இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் உண்டு.

உம்ம வீட்டுல கேக்க வேண்டிய ஒண்ணு இருக்கத்தான் செய்யுது, அது உம்மோடது இல்ல. உம்ம வீட்டுக்காரி உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில போடுதாள்லா, கோயில் காணிக்கைக்கு? நீரு பார்த்திருக்க மாட்டீரு, அடுக்களைக்குள்ள போனாத்தானே. உம்ம மவன் பார்த்திருக்கான். அம்மா, அந்த அரிசி யாருக்குன்னு கேட்டானாம். நம்மளைவிடப் பசிச்சவங்களுக்குன்னாளாம். அவன் அன்னையில இருந்து, நானும் ஒரு பிடின்னு கையை விடுதான். இதை உம்ம வீட்டுக்காரிதான் எங்கிட்ட சொன்னா, உம்மகிட்ட சொல்ல நேரம் கிடைக்கலையாம். ஆக உம்ம வீட்டுல வேத பாடம் ஏற்கெனவே நடந்துக்கிட்டிருக்கு. நீரு இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர வந்திருக்கீரு. புது வாத்தியார் பழைய டீச்சரைப் பார்த்து முதல்ல ஒரு வணக்கம் போட்டுட்டுத்தான் வகுப்புக்குள்ள போகணும்.

தீமோத்தேயுவைப் பாரும். தகப்பன் கிரேக்கன். பிள்ளைக்கு விசுவாசத்தைக் கொடுத்தது பாட்டி லோவிசாளும் அம்மா ஐனிக்கேயாளும். பவுல் பேரைச் சொல்லிப் பாராட்டுததும் அந்த ரெண்டு பொம்பளைகளைத்தான். நம்ம வெள்ளாளன்விளையில 1874ல பிறந்த அசரியா 1912ல இந்தியாவுல முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனாரே, அவரும் தகப்பனைச் சின்ன வயசுலயே இழந்து தாய் வளர்த்த பிள்ளைதான். அதனால ஆசாரியன் வந்துட்டேன், வழி விடுன்னு அதிகாரம் பண்ணாதீரும். அடுப்பை அணைச்சுட்டு அவளையும் கூட உக்காரச் சொல்லும். கழுவாத பாத்திரம் கிடக்குன்னு அவ சொன்னா, அதை யார் கழுவணும்ங்கிறது உமக்கே தெரியும். இயேசு ஆண்டவர் கால் கழுவினதை விட நீரு தட்டு கழுவுதது கேவலம் இல்ல. அதையும் மவன் பார்ப்பான். ஏம்ப்பா நீ கழுவுதன்னு கேப்பான். உமக்கு யோவான் சுவிசேஷம் பதிமூணாம் அதிகாரம் அங்கயே தொடங்கிரும்.

சரி, கேள்வி வந்தா என்ன செய்வீரு? அதுலதான் உம்ம ஆளுங்களுக்கு நடுக்கம். பாட்டிக்காக எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினோமே, பொறவு ஏன்ப்பா பாட்டி செத்துப்போனாங்கன்னு கேப்பான். பக்கத்து வீட்டு முத்துக்குமார் ரொம்ப நல்லவன், அவன் பரலோகத்துக்கு வரமாட்டானான்னு கேப்பான். நோவா பேழையில கரையான் இருந்துதா, இருந்தா மரத்தைத் தின்னிருக்காதான்னு கேப்பான். இதுக்கு நம்ம தகப்பன்மார்கிட்ட மூணு பதில் தயாரா இருக்கு. அம்மாகிட்டக் கேளு. ஐயர்கிட்டக் கேளு. போய்ப் படி. மூணாவது பதில் கிடைச்ச பிள்ளை பொறவு கேக்கவே மாட்டான். நீரு, ஆஹா பிள்ளை அடங்கிட்டான்னு சந்தோஷப்படுவீரு. அவன் அடங்கல, கடையை மாத்திட்டான். பதினஞ்சு வயசுல அவனுக்குப் பதில் சொல்ல யூடியூப்ல ஆயிரம் பேரு காத்துக்கிட்டிருக்கான்.

தெரியலன்னா தெரியலன்னு சொல்லும். தகப்பன் வாயில அந்தச் சொல்லைக் கேட்டு எந்தப் பிள்ளையும் கெட்டதில்ல. யோபு கேட்ட கேள்விகளுக்குக் கர்த்தரே நேரடியாப் பதில் சொல்லல. பூமிக்கு நான் அஸ்திபாரம் போடும்போது நீ எங்க இருந்தேன்னு திருப்பிக் கேட்டாரு. வாத்தியார் வேஷம் போட்டு எல்லாம் தெரியும்னு வழக்காடின அந்த மூணு சிநேகிதன்மாரைத்தான் கடைசியில கோவிச்சுக்கிட்டாரு. பேழையில கரையானுக்கு நோவா என்ன வழி பண்ணினாருங்கிறதை நீரும் மவனும் சேர்ந்து தேடும். நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

பன்னிரண்டு வயசுல இயேசு எருசலேம் தேவாலயத்துல போதகர்மாருக்கு நடுவுல என்ன செஞ்சுக்கிட்டிருந்தாருன்னு லூக்கா எழுதியிருக்காரு. அவங்க பேசுததைக் கேட்டுக்கிட்டும் அவங்ககிட்டக் கேள்வி கேட்டுக்கிட்டும் இருந்தாராம். கேள்வி கேக்கப் பயமில்லாத பிள்ளை எந்த வீட்டுல வளர்ந்திருக்கும்? தச்சன் யோசேப்பு வீட்டுல. இந்த யோசேப்பைப் பத்தி ஒண்ணு சொல்லுதேன். நாலு சுவிசேஷத்தையும் புரட்டிப் பாரும், யோசேப்பு பேசினதா ஒரு வார்த்தை கிடையாது. தேவதூதன் பேசுதான், மரியாள் பேசுதா, சிமியோன் பேசுதாரு. தேவாலயத்துல பிள்ளையைக் கண்டுபிடிச்சப்பக்கூட ஏன் இப்படிச் செஞ்சேன்னு கேட்டது தாய்தான். யோசேப்பு எந்திரிக்காரு, கூட்டிட்டுப் போறாரு, ராத்திரியோட ராத்திரியா எகிப்துக்கு நடக்காரு, வருஷா வருஷம் பஸ்காவுக்குக் குடும்பத்தோட எருசலேமுக்குப் போறாரு. அவரு செஞ்சதுதான் எழுதியிருக்கு. நீரு பேசினது மட்டும்தான் உம்ம வீட்டுல மிஞ்சும் போலிருக்கு.

அதுக்காக வாயைக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்லுதேன்னு நெனைக்காதீரும். பேசாம இருந்து பிள்ளையைக் கெடுத்தவனும் உண்டு. தாவீது ராஜா சங்கீதம் பாடினாரு, கோலியாத்தை விழுத்தாட்டினாரு. ஆனா மவன் அதோனியாவை நீ ஏன் இப்படிச் செய்தேன்னு ஒரு நாள்கூடக் கேட்டதில்லன்னு இராஜாக்கள் புஸ்தகம் முதல் அதிகாரத்துலயே போட்டு உடைக்கு. பய தகப்பன் உயிரோட இருக்கும்போதே சிங்காசனத்துல கை வச்சான். ஏலி இன்னும் மோசம். ஊரான் வீட்டுப் பிள்ளை சாமுவேலுக்குக் கர்த்தருடைய சத்தத்தை அடையாளம் காட்டிக் கொடுத்தவரு, சொந்த மக்கள் ஓப்னியும் பினெகாசும் காணிக்கைக் கறியை ஆளை விட்டு முள்குத்தியால அள்ளுததை வயசான பிறகுதான் மெதுவா, வேண்டாம் மக்களேன்னு சொன்னாரு. அந்தச் சாமுவேல் மக்களும் பின்னால லஞ்சம் வாங்கினாங்க. பிள்ளை சொல்லுக்குக் கட்டுப்படலையேன்னு உமக்கு எப்பவாவது தூக்கம் வரலைன்னா இந்தப் பட்டியலை நெனைச்சுக்கிடும், கொஞ்சம் ஆறுதலா இருக்கும். ஐயர்மார் இதைப் பிரசங்கத்துல ரொம்ப எடுக்க மாட்டாங்க, அவங்களுக்கும் பிள்ளைங்க உண்டுல்லா.

என்ன செய்யணும்னு சுருக்கமாக் கேக்கீரா? சுருக்கமாவே சொல்லுதேன். அந்த வெள்ளைப் பலகையை உம்ம வீட்டுக்காரிகிட்டக் கொடும், பால் கணக்கு எழுத ஆகும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி உக்காரும், பின்னாடி உக்காந்தா பய தூங்கிருவான். ஒரு பாட்டு, அதை அவன் தேர்ந்தெடுக்கட்டும். ஒரே பாட்டை ஒரு மாசம் பாடினாலும் குத்தமில்ல. சுவிசேஷத்துல ஒரு சின்னக் கதை, அவனே எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். தப்பா வாசிச்சா உடனே திருத்தாதீரும். ஜெபத்துல அவன் மார்க்கு வரக்கூடாது. உம்ம கடன் வரலாம், உம்ம கோபம் வரலாம், கிணத்துப் பங்கு வழக்கும் வரலாம். பரமண்டல ஜெபத்தோட முடிச்சு எந்திரியும். மொத்தமும் உலை கொதிக்கிற நேரத்துக்குள்ள அடங்கணும். நீளமான ஜெபத்துக்குன்னே ஊர்ல கன்வென்ஷன் நடக்கு, வேணும்னா அங்க போய்க்கிடும்.

பொறவு முக்கியமானது ஒண்ணு. உம்ம பெரியப்பா மவன் வீட்டுக்கு இந்தக் கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் போகணும். கேக்கோட போகாதீரும், வழக்குக் கட்டோட போகும். போகும்போது பயலையும் கூட்டிட்டுப் போகும். வழியில அவன் கேப்பான், அந்தப் பெரியப்பா கூடத்தான் நமக்குப் பேச்சில்லையே, ஏம்ப்பா போறோம்னு. அன்னைக்கு உமக்குப் பாடம் தானா வரும். கிணறு பாதி போனாலும் போகட்டும். அது இப்பவே பாதி வறண்டுதான் கிடக்கு.

எந்திரியும், கடைசிப் பஸ் போயிரும். மவன் ஏதாவது கேட்டு உமக்குப் பதில் தெரியலன்னா ஐயருக்குப் போன் போடும். அவருக்கும் தெரியலன்னா எனக்குப் போடாதீரும், நான் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துருவேன்.